அலுவலக வலையமைப்பில் கோப்புப் பகிர்வு: ஒரு வரலாறு

கோப்புப் பகிர்வு என்பது ஒரு கணினியின் வன்தட்டில் உள்ள கோப்புகளை, அதே வலையமைப்பில் இணைந்துள்ள பிற கணினிகள் தம்முடைய சொந்தக் கோப்புகளைப் போலவே திறக்கவும் திருத்தவும் சேமிக்கவும் வழிசெய்யும் ஏற்பாடாகும். ஐந்து அல்லது பத்து மேசைக் கணினிகள் மட்டுமே உள்ள சிறு அலுவலகங்களில், தனியாக ஒரு வழங்கிக் கணினி வாங்காமல், யாரேனும் ஒருவருடைய மேசைக் கணினியிலுள்ள ஒரு கோப்புறையையே எல்லோருக்கும் திறந்துவிடுவது பரவலான வழக்கம். கணக்கர் மேசையில் இருக்கும் பேரேட்டை மேலாளர் தம் அறையிலிருந்தே பார்க்க இது உதவுகிறது. இன்று சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி ஒரு நிமிடத்தில் முடித்துவிடும் இந்த வேலைக்குப் பின்னால் நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் மாணவர்களின் உழைப்பும், நிறுவனங்களின் போட்டியும், நீதிமன்ற வழக்கும், மருத்துவமனைகளை முடக்கிய ஒரு பேரிடரும் அடங்கும்.

தொடக்கம்

அலுவலகக் கணினிகளை ஒரே கம்பியில் இணைக்கும் எண்ணம் கலிபோர்னியாவிலுள்ள செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் உருப்பெற்றது. அங்கு 1973-இல் உருவான ஆல்ட்டோ என்னும் கணினி ஒருவர் தம் மேசையில் வைத்துப் பயன்படுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டது. அதே மையத்தில் பணியாற்றிய ராபர்ட் மெட்காஃப், 1973 மே 22 நாளிட்ட குறிப்பொன்றில் 'ஈதர்நெட்' என்னும் பெயரில் இவ்விணைப்பு முறையை விவரித்தார். டேவிட் பாக்ஸ் அவருடன் சேர்ந்து அதைச் செயற்படுத்தினார். முதல் ஈதர்நெட்டின் வேகம் நொடிக்கு 2.94 மெகாபிட் ஆகும். ஹவாய்ப் பல்கலைக்கழகம் தீவுகளுக்கு இடையே வானொலி அலைகளின் மூலம் நடத்திய அலோகாநெட் என்னும் வலையமைப்பு இதற்கு முன்மாதிரியாக இருந்தது. ஒரே கம்பியில் எல்லோரும் பேசலாம், இருவர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இருவரும் நிறுத்திச் சிறிது நேரம் பொறுத்து மீண்டும் முயலவேண்டும் என்பதே இதன் அடிப்படை. மெட்காஃப் 1979-இல் திரீகாம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1983-இல் ஈதர்நெட் 802.3 என்னும் எண்ணில் பன்னாட்டு மின்பொறியாளர் கழகத்தின் தரமாக ஏற்கப்பட்டது.

ஆயினும் கம்பி இருந்தால் மட்டும் கோப்புகள் பகிரப்பட்டுவிடாது. பகிரவேண்டிய தேவையை உண்டாக்கியது வன்தட்டின் விலைதான். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் தன் முதல் தனிநபர்க் கணினியை 1,565 டாலர் தொடக்க விலையில் வெளியிட்டபோது அதில் வன்தட்டே கிடையாது. 1983-இல் வந்த எக்ஸ்டி வகைக் கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது, ஆனால் அதன் விலை ஏறத்தாழ 5,000 டாலர். இன்றைய கைப்பேசிப் படங்கள் நான்கைந்தை வைக்கக்கூடப் போதாத அந்த இடத்தை ஒவ்வொரு மேசைக்கும் வாங்கித்தர எந்தச் சிறு அலுவலகத்தாலும் இயலவில்லை. எனவே ஒரு வன்தட்டை வாங்கி அதைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் வழிகள் தேடப்பட்டன. அதுவரை ஒருவர் எழுதிய கடிதத்தை மற்றவர் திருத்த வேண்டுமானால், நெகிழ்வட்டில் பதிந்து கையில் எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நடக்கவேண்டும்.

தட்டு வழங்கியும் கோப்பு வழங்கியும்

முதலில் வந்த ஏற்பாடுகளில் பகிரப்பட்டது கோப்பு அன்று, தட்டுதான். கார்வஸ் போன்ற நிறுவனங்கள் விற்ற கருவிகளில் ஒரு பெரிய வன்தட்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு ஒவ்வொரு கணினிக்கும் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. எந்தக் கோப்பு தட்டின் எந்த இடத்தில் உள்ளது என்னும் அட்டவணையை ஒவ்வொரு கணினியும் தானே படித்துத் தானே திருத்தியது. இரு கணினிகள் ஒரே பகுதியில் எழுத முற்பட்டால் ஒன்று எழுதியது மற்றொன்றுக்குத் தெரியாது, அட்டவணை குழம்பிக் கோப்புகள் அழியும். வாசகர் ஒவ்வொருவரும் நூலகத்தின் உள்ளறைக்குச் சென்று தாமே நூலை எடுத்து, தாமே பதிவேட்டில் எழுதிக்கொள்வதற்கு இதை ஒப்பிடலாம். நூலகர் ஒருவர் மேசையில் அமர்ந்து கேட்டதை எடுத்துக் கொடுத்தால் இக்குழப்பம் இராது. அந்த நூலகரின் வேலையைச் செய்வதே கோப்பு வழங்கி ஆகும்.

இந்த மாற்றத்தை வணிக அளவில் வெற்றிபெறச் செய்தது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலிருந்த நோவெல் நிறுவனம். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பயின்ற டிரூ மேஜர், டேல் நைபவர், கைல் பவல் ஆகியோர் அடங்கிய சிறு குழு அந்நிறுவனத்துக்காக ஒப்பந்த அடிப்படையில் மென்பொருள் எழுதியது. ரே நூர்டா 1983-இல் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றபின், கணினிகள் விற்பதை விட்டுவிட்டு வலையமைப்பு மென்பொருளே நிறுவனத்தின் முதன்மைத் தொழிலானது. நெட்வேர் என்னும் அம்மென்பொருள் 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் அலுவலக வலையமைப்புகளில் முன்னிலை வகித்தது. ஆனால் நெட்வேருக்குப் பொதுவாக அதற்கென்றே ஒதுக்கப்பட்ட கணினி ஒன்று வேண்டியிருந்தது. அக்கணினியில் யாரும் அமர்ந்து கடிதம் தட்டச்சு செய்ய இயலாது. அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் தேவைப்பட்டார். பெரிய அலுவலகங்களுக்கு இது பொருட்டில்லை. மூன்று கணினிகள் வைத்திருந்த அலுவலகத்துக்கோ நான்காவதாக யாரும் தொடாத ஒரு கணினி வாங்குவது சுமையாகவே இருந்தது.

எஸ்எம்பி நெறிமுறை

ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய பேரி ஃபைகன்பாம் 1983 வாக்கில் ஒரு நெறிமுறையை வடிவமைத்தார். தம் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு முதலில் அதற்குப் 'பிஏஎஃப்' என்று பெயரிட்டிருந்தார், வெளியிடுவதற்கு முன் அது 'சர்வர் மெசேஜ் பிளாக்' என்று மாற்றப்பட்டது. அதன் சுருக்கமே எஸ்எம்பி. இன்று விண்டோஸ் கணினிகளில் நடைபெறும் கோப்புப் பகிர்வு அனைத்தும் இந்த நெறிமுறையின் வழித்தோன்றலே.

இதன் செயல்முறை எளிமையானது. டாஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து உண்டு. வேறொரு கணினியிலுள்ள கோப்புறைக்கு எஃப் போன்ற ஓர் எழுத்து தரப்படுகிறது. ஒரு செயலி எஃப் தட்டிலுள்ள கோப்பைத் திறக்கும்படி இயங்குதளத்திடம் கேட்கும்போது, இடையில் நிற்கும் ஒரு சிறு நிரல் அக்கோரிக்கையைப் பிடித்து, அதை ஒரு செய்தியாக மடித்து, கம்பி வழியே அடுத்த கணினிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து வரும் விடையைத் தன் வட்டிலிருந்தே கிடைத்ததுபோலச் செயலியிடம் ஒப்படைக்கிறது. கோப்பு எங்கே இருக்கிறது என்பது செயலிக்குத் தெரியவே தெரியாது. வலையமைப்பு என்னும் சொல்லையே கேள்விப்படாத காலத்தில் எழுதப்பட்ட செயலிகளும் இதனால் வலையமைப்பில் வேலை செய்தன. இந்த நெறிமுறை நிலைபெற்றதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

1984-இல் வெளிவந்த டாஸ் 3.0 பதிப்பில் 'ஷேர்' என்னும் நிரல் சேர்க்கப்பட்டது. ஒரு கோப்பை ஒருவர் திறந்து எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றவர் அதில் கைவைக்காதவாறு பூட்டுவது அதன் பணி. அடுத்து வந்த 3.1 பதிப்பில் வலையமைப்பு வசதி சேர்ந்தது. அலுவலகங்களில் இன்றும், 'இக்கோப்பு வேறொருவரால் திருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்னும் அறிவிப்பைக் கண்டு, 'யாருப்பா அந்த எக்ஸெல்ல திறந்து வச்சிருக்கிறது?' என்று குரல் கொடுப்பவர்களைக் காணலாம். அந்தப் பூட்டின் பரம்பரை இங்கிருந்து தொடங்குகிறது.

மேசைக் கணினியே வழங்கியாதல்

தனி வழங்கி இல்லாமல் எல்லாக் கணினிகளும் சமநிலையில் பகிர்ந்துகொள்ளும் முறையை ஆர்ட்டிசாஃப்ட் நிறுவனத்தின் லான்டாஸ்டிக் போன்ற மென்பொருள்கள் 1980-களிலேயே விற்றன. ஆயினும் அது பரவலானது மைக்ரோசாஃப்ட் 1992 அக்டோபரில் வெளியிட்ட 'விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ்' பதிப்புக்குப் பின்னரே. பகிர்வு வசதி இயங்குதளத்தின் உள்ளேயே வந்துவிட்டது, தனி மென்பொருளுக்குப் பணம் தரவேண்டியதில்லை. 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 இதை இன்னும் எளிமையாக்கியது. பகிரப்பட்ட கோப்புறையின் சின்னத்தைக் கீழிருந்து ஒரு கை ஏந்தி நிற்பது போன்ற படம் தோன்றியது. முகப்புத் திரையிலிருந்த 'நெட்வொர்க் நெய்பர்ஹூட்' என்னும் சின்னத்தைத் திறந்தால் அலுவலகத்திலுள்ள பிற கணினிகளின் பெயர்கள் வரிசையாகக் காட்சியளித்தன. அப்பெயர்கள் 15 எழுத்துகளுக்கு மிகக்கூடாது என்பது நெட்பயாஸ் என்னும் பழைய இடைமுகத்தின் விதி.

கம்பிகளும் இக்காலத்தில் மாறின. முன்பு மெல்லிய அச்சொத்த வடம் ஒன்று கணினியிலிருந்து கணினிக்குச் சங்கிலிபோலச் சென்றது. அதன் இரு முனைகளிலும் 50 ஓம் தடை பொருத்திய மூடிகள் இருக்கவேண்டும். கூட்டுபவர் மேசையை நகர்த்தும்போது ஓர் இணைப்பி கழன்றால் அலுவலகம் முழுவதும் வலையமைப்பு நின்றுவிடும், எங்கே கழன்றது என்று ஒவ்வொரு மேசையாகக் குனிந்து பார்க்கவேண்டும். 1990-இல் தரமாக்கப்பட்ட முறுக்கிணைக் கம்பி முறையில் ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி, எல்லாம் சென்று சேர ஒரு மையப் பெட்டி. ஒரு கம்பி பழுதானால் ஒரு கணினி மட்டுமே துண்டிக்கப்படும்.

மேசைக் கணினியை வழங்கியாகப் பயன்படுத்துவதற்கு வரம்புகளும் விதிக்கப்பட்டன. விண்டோஸ் எக்ஸ்பி ஹோம் பதிப்பில் ஒரே நேரத்தில் 5 இணைப்புகள், புரொபெஷனல் பதிப்பில் 10 இணைப்புகள் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. பதினொன்றாவது ஊழியர் வேலைக்குச் சேர்ந்த அன்று பகிர்வு வேலை செய்யவில்லை என்று பழுதுபார்ப்பவரை அழைத்த அலுவலகங்களுக்கு இந்த விதி அதுவரை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இது தொழில்நுட்பத்தின் எல்லையன்று, விலை கூடிய வழங்கிப் பதிப்பை வாங்கச் செய்வதற்கான வணிக எல்லை.

கடவுச்சொல்லின் குறை

விண்டோஸ் 95, 98 பதிப்புகளில் கோப்புறைக்குத்தான் கடவுச்சொல், ஆளுக்கு அன்று. ஒரு கோப்புறைக்கு ஒரு சொல்; அதை அறிந்தவர் எல்லோரும் உள்ளே வரலாம். எல்லோருக்கும் ஒரே சொல் என்றால் அது விரைவில் திரையின் ஓரத்தில் தாளில் எழுதி ஒட்டப்படும் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. பல இடங்களில் அதுவும் இன்றிச் சி தட்டு முழுவதையும் கடவுச்சொல் இல்லாமல் திறந்து வைத்திருந்தனர். அலுவலகத்துக்குள் நம்பிக்கை இருந்தவரை இதனால் கேடில்லை. அதே கணினி தொலைபேசி வழியே இணையத்தில் இணைந்தபோது, அத்திறந்த தட்டு உலகம் முழுவதற்கும் திறந்ததாயிற்று. சுவருக்குள் இருந்த கதவு தெருவைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

இதனினும் வியப்பான குறை ஒன்று 2000 அக்டோபரில் வெளியானது. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும்போது, கேட்கும் கணினி எத்தனை எழுத்துகளை அனுப்புகிறதோ அத்தனை எழுத்துகளை மட்டுமே விண்டோஸ் 95, 98 ஒப்பிட்டன. கேட்பவர் ஓர் எழுத்தை மட்டும் அனுப்பினால் முதல் எழுத்து மட்டுமே ஒப்பிடப்படும். ஆகவே எவ்வளவு நீண்ட கடவுச்சொல்லாயினும் முதல் எழுத்தை ஊகித்தாலே போதும். மைக்ரோசாஃப்ட் உடனே திருத்தம் வெளியிட்டது. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து, 2002-இல், ஒப்பாசெர்வ் என்னும் கணினிப் புழு இதே குறையைப் பயன்படுத்திப் பரவியது. திருத்தம் கிடைப்பதும் அது அலுவலகக் கணினியில் நிறுவப்படுவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பது அப்போதே தெளிவாயிற்று. இந்தப் பாடம் அன்று கற்கப்படவில்லை.

என்டி, 2000, எக்ஸ்பி ஆகிய பதிப்புகள் ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் என்னும் முறையைக் கொண்டிருந்தன. ஆனால் எக்ஸ்பியில் 'எளிய பகிர்வு' என்னும் ஏற்பாடு வருபவர் அனைவரையும் 'விருந்தினர்' என்னும் ஒரே பெயரில் ஏற்றுக்கொண்டது. எளிமைக்கும் காவலுக்கும் இடையேயான இழுபறியில் சிறு அலுவலகம் எப்போதும் எளிமையின் பக்கமே நின்றது.

சாம்பா

எஸ்எம்பி நெறிமுறையை மைக்ரோசாஃப்ட் அல்லாத கணினிகளும் பேசக் காரணமானவர் ஆன்ட்ரூ டிரிட்ஜெல். ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு மாணவராக இருந்தபோது, தம் டாஸ் கணினியிலிருந்து யுனிக்ஸ் கணினியின் வட்டை அணுக விரும்பினார். அதற்கான நெறிமுறை விவரம் அவரிடம் இல்லை. கம்பியில் செல்லும் செய்திகளைப் படித்துப் பார்த்தே அம்மொழியைக் கற்று, 1992 தொடக்கத்தில் தம் நிரலை வெளியிட்டார். தாம் கற்றது எஸ்எம்பி என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. பின்னர் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்நிரல் கிடப்பில் கிடந்தது. தம் மனைவியின் விண்டோஸ் கணினியைத் தம் லினக்ஸ் கணினியுடன் இணைக்க முற்பட்டபோதுதான் பழைய நிரல் அதற்கும் பொருந்துவதைக் கண்டார்.

இம்முறையை அவர் பிரெஞ்சு உணவகத்துக்கு ஒப்பிட்டு விளக்கியுள்ளார். பிரெஞ்சு மொழி அறியாத ஒருவர் உணவகத்தில் அமர்ந்து, அடுத்த மேசையில் இருப்பவர் என்ன சொல்கிறார், பரிமாறுபவர் என்ன கொண்டுவருகிறார் என்பதைப் பொறுமையாகக் கவனித்துவந்தால் சொற்களின் பொருள் விளங்கத் தொடங்கும். பிறகு தாமே ஒரு சொல்லைச் சொல்லிப் பார்த்து, என்ன வருகிறது என்று காணலாம். அகராதியும் இலக்கணமும் இன்றி மொழி கற்கும் குழந்தையின் வழியும் ஏறக்குறைய இதுவே.

மென்பொருளின் முதல் பெயருக்கு வணிகக்குறிச் சிக்கல் எழுந்ததால், எஸ், எம், பி ஆகிய எழுத்துகள் இவ்வரிசையில் வரும் ஆங்கிலச் சொற்களை டிரிட்ஜெல் கணினி அகரமுதலியில் தேடினார். அதில் கிடைத்ததே சாம்பா. ஜெரமி அலிசன் முதலிய பலர் அவருடன் இணைந்தனர். கட்டற்ற மென்பொருளாக வெளியானதால், பழைய கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவிச் செலவின்றிக் கோப்பு வழங்கி அமைக்கச் சிறு அலுவலகங்களுக்கு வழி பிறந்தது. இணைப்பு எண்ணிக்கை வரம்பும் அதில் இல்லை.

ஒவ்வொரு புதிய விண்டோஸ் பதிப்பிலும் மொழியில் சிறு மாற்றங்கள் வந்தன, சாம்பா குழுவினர் மீண்டும் கவனித்துக் கற்கவேண்டியிருந்தது. இத்தகைய விவரங்களைப் போட்டியாளருக்குத் தராமல் வைத்திருப்பது முறைகேடு என்று ஐரோப்பிய ஆணையம் 2004 மார்ச்சில் முடிவுசெய்து, 49.7 கோடி யூரோ தண்டம் விதித்தது. மேல்முறையீட்டில் 2007 செப்டம்பர் 17 அன்று நீதிமன்றம் ஆணையத்தின் முடிவைப் பெரும்பாலும் உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில் 10,000 யூரோ செலுத்தி நெறிமுறை ஆவணங்களைச் சாம்பா தரப்பு பெற்றது. பதினைந்து ஆண்டுகள் பக்கத்து மேசைப் பேச்சைக் கேட்டே கற்றவர்களுக்கு இறுதியில் அகராதி கிடைத்தது.

தமிழ்க் கோப்புப் பெயர்களுக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடமுண்டு. விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியை ஏற்றது. விண்டோஸ் 98-இன் எழுத்துத் தொகுதிகளில் தமிழ் இல்லை. ஒரே அலுவலகத்தில் இரண்டும் இருந்தால், முன்னதில் தமிழில் பெயரிட்டுப் பகிர்ந்த கோப்பின் பெயரைப் பின்னதில் படிக்க இயலாது. 2003-இல் வந்த சாம்பா 3.0 ஒருங்குறியை ஏற்றது. தமிழில் ஆவணம் எழுதுவோரும் கோப்புக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் பெயரிடும் வழக்கம் நிலைத்ததற்கு இத்தகைய சிக்கல்களும் ஒரு காரணமாக இருக்கலாம்.

2017 மே

விண்டோஸ் விஸ்டாவுடன் எஸ்எம்பி 2 வந்தது. நூற்றுக்கு மேற்பட்டிருந்த கட்டளைகள் அதில் 19 ஆகக் குறைக்கப்பட்டன. விண்டோஸ் 8-உடன் வந்த எஸ்எம்பி 3 கோப்புகளை மறைகுறியாக்கி அனுப்பும் வசதியைச் சேர்த்தது. ஆனால் பழைய கருவிகள் வேலை செய்யவேண்டும் என்பதற்காக எஸ்எம்பி 1 எல்லாக் கணினிகளிலும் விழித்தே இருந்தது. அதைக் கைவிடுமாறு மைக்ரோசாஃப்ட் பொறியாளர் நெட் பைல் 2016 செப்டம்பரிலேயே வெளிப்படையாக வேண்டினார்.

விண்டோஸ் எஸ்எம்பி 1 நிரலிலிருந்த ஒரு பிழையை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை அறிந்து, 'எடர்னல் புளூ' என்னும் தாக்குதல் கருவியாகப் பயன்படுத்திவந்ததாகக் கருதப்படுகிறது. மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று அதற்கான திருத்தத்தை வெளியிட்டது. ஏப்ரல் 14 அன்று 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்று தம்மை அழைத்துக்கொண்ட குழுவினர் திருடிய கருவியைப் பொதுவெளியில் விட்டனர். மே 12, வெள்ளிக்கிழமை, வான்னகிரை என்னும் தீநிரல் பரவத் தொடங்கியது. அது கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்டது. யாரும் எதையும் சொடுக்க வேண்டியதில்லை. பகிர்வுக்காகக் காத்திருக்கும் 445 என்னும் துறை வழியே கணினியிலிருந்து கணினிக்குத் தானே தாவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன.

மிகவும் துன்புற்றது இங்கிலாந்தின் தேசிய நலவாழ்வுச் சேவை. அதன் 236 அறக்கட்டளைகளில் 81 பாதிக்கப்பட்டதாக அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் கண்டறிந்தது. 6,912 சந்திப்புகள் ரத்தானது உறுதியாயிற்று. மொத்தம் 19,000-க்கும் மேல் இருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. ஐந்து பகுதிகளில் அவசர சிகிச்சைக்கு வந்த நோயாளிகள் தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்குச் செல்ல நேர்ந்தது. பழைய எக்ஸ்பி கணினிகளே காரணம் என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. உண்மையில் பாதிக்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அவற்றுக்கான திருத்தம் இரண்டு மாதங்களாகக் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது, நிறுவப்படவில்லை.

மார்கஸ் ஹட்சின்ஸ் என்னும் இளம் ஆய்வாளர் அத்தீநிரல் பதிவுசெய்யப்படாத ஓர் இணைய முகவரியைத் தேடுவதைக் கவனித்து, அம்முகவரியைத் தாமே பதிவுசெய்தார். அது விடையளித்ததும் தீநிரல் தன் வேலையை நிறுத்திக்கொண்டது. அடுத்த மாதம் 27-இல் பரவிய நாட்பெட்யாவும் இதே பிழையைப் பயன்படுத்தியது. டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் தன் கணினி அமைப்பை ஏறத்தாழ முழுவதுமாக மறுநிறுவல் செய்யவேண்டியதாயிற்று.

பிந்தைய நிலை

2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் எஸ்எம்பி 1 இயல்பாக நிறுவப்படுவதில்லை. புதிய கணினி வாங்கிய சிறு அலுவலகங்கள் இதை எதிர்பாராத இடத்தில் உணர்ந்தன: வருடிய தாளைப் பகிர்வுக் கோப்புறைக்கு அனுப்பிவந்த பழைய நகலெடுப்புக் கருவிகள் அனுப்ப மறுத்தன. அவற்றுக்குத் தெரிந்த மொழி எஸ்எம்பி 1 மட்டுமே. நல்ல நிலையிலுள்ள கருவியைத் தூக்கியெறிய மனமின்றி, காவல் குறைவு என்று அறிந்தும் பழைய நெறிமுறையை மீண்டும் இயக்கியவர்கள் உண்டு. அவர்களைக் குறைகூறுவது எளிது, புதிய கருவிக்கான பணத்தை யார் தருவது என்பதற்கு விடை கூறுவது கடினம்.

வீட்டுக் கணினிகளுக்காக விண்டோஸ் 7-உடன் 2009-இல் அறிமுகமான 'ஹோம்குரூப்' வசதி 2018-இல் நீக்கப்பட்டது. பல அலுவலகங்கள் இணையத்திலுள்ள சேமிப்புச் சேவைகளுக்கு மாறின. எனினும் பெரிய படக் கோப்புகளைக் கையாளும் அச்சகங்களும், இணையம் அடிக்கடி துண்டிக்கப்படும் ஊர்களிலுள்ள அலுவலகங்களும் உள்ளூர்ப் பகிர்வையே நம்பியுள்ளன. 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, அலுவலகப் பயன்பாட்டுக்கான வகைகளில், ஒவ்வொரு செய்தியும் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்று இயல்பாகவே கோருகிறது. புரொபெஷனல் வகையில், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவும் இயல்பாக மறுக்கப்படுகிறது.

எஸ்எம்பி 1-இன் ஒவ்வொரு செய்தியும் 255 என்னும் மதிப்புடைய ஒரு பைட்டில் தொடங்கி, அடுத்து எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளைக் கொண்டிருந்தது. எஸ்எம்பி 2, 3 ஆகியவற்றில் முதல் பைட்டு 254 ஆகவும், மறைகுறியாக்கிய செய்தியில் 253 ஆகவும் மாறியது. அடுத்து வரும் மூன்று எழுத்துகள் மட்டும் மாறவில்லை.